இருமலில் ரத்தம்: கசியும் ரத்தக்குழாயை அடைக்க அனுப்பும் முன்பும் பின்பும் (அனுபவப் பகிர்வு)

அவசரப் பிரிவு மருத்துவர், தருமபுரி

காசநோய் மாத்திரையை முழுசாக முடித்து, சளியில் கிருமியும் இல்லாதவர்கள், பல வருடம் கழித்து ரத்தம் கக்கிக்கொண்டு வருவார்கள். அரூர், பென்னாகரம் பக்கத்து நண்பர்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். நுரையீரலில் கசியும் ரத்தக்குழாயைத் துகள் விட்டு அடைக்கும் சிகிச்சைக்கு இவர்களை அனுப்புகிறோம். மூச்சுக்குழாய்கள் கொள்வதே சுமார் 150 மி.லி.தான். உடலில் ரத்தம் குறைந்து ஆபத்து வருவதற்குள் மூச்சு அடைத்துவிடும். எக்ஸ்ரேயில் கசியும் பக்கத்தைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்துத் தொப்பூர் கணவாயில் இறக்கி சேலம் அனுப்பினால், நல்ல நுரையீரலும் நிரம்பிவிடும். நரம்பில் பெரிய ஊசி இரண்டு, ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், ரத்த வகை, கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் சோதனை) எல்லாம் இங்கேயே முடியட்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறாரா என்று கேட்டுச் சீட்டில் எழுதுங்கள்.

கேத் லேப் (ரத்தக்குழாய்க்குள் குழல் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) டெக்னீஷியன், கிருஷ்ணகிரி

சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்து வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். தொடை இடுக்குத் தமனியில் 5 பிரெஞ்ச் அளவு ஷீத் (நுழைவுக் குழல்), பிறகு அதன் வழியாகக் கோப்ரா கதீட்டர் (நுனி வளைந்த மெல்லிய குழல்). மார்பு முதுகெலும்பு 5, 6 மட்டத்தில்தான் நாம் அடைக்கப்போகும் மூச்சுக்குழாய்த் தமனியின் வாய் பெரும்பாலும் இருக்கும். சாயம் விட்டதும் முதலில் தேட வேண்டியது தண்டுவடத்துக்குப் போகும் தமனியை. ஹேர்பின் (கொண்டை ஊசி) போல மடங்கித் தெரியும், வலப்பக்கத்தில் கூடுதல் கவனம். தெரிந்தால் மைக்ரோ கதீட்டரை (இன்னும் மெல்லிய குழல்) அதைத் தாண்டி உள்ளே கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் அந்தக் குழாயில் துகள் விடவே கூடாது, கால்கள் செயலிழந்துவிடும்.

அடைக்கப் பயன்படும் பிவிஏ (ஒரு வகைப் பிளாஸ்டிக்) துகள் 300–500 மைக்ரானுக்குக் கீழே வேண்டாம். இந்தத் தமனிக்கும் நுரையீரல் ரத்தக்குழாய்க்கும் நடுவில் சுமார் 325 மைக்ரான் அகல இணைப்புகள் உண்டு, பொடித்துகள் அதில் நழுவிப் போய்விடும். சாயத்தில் கலந்து 1 மி.லி. சிரிஞ்சில், திரையைப் பார்த்தபடியே மெதுவாக. ஓட்டம் தேங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் தள்ளினால் துகள் மகாதமனிக்குத் திரும்பி சிறுநீரகம், கால் என்று எங்கேயும் போய் அடைக்கும். தமனியின் வாயிலேயே காயில் (சுருள் கம்பி) போட்டு அடைப்பது எனக்கு உடன்பாடில்லை. மறுபடி கசிந்தால் உள்ளே போக வழியிருக்காது.

வார்டு செவிலியர், ஓசூர்

ஷீத் எடுத்ததும் அந்த இடத்தை 15 நிமிடம் அழுத்தி, 6 மணி நேரம் காலை மடக்காமல் வைக்கிறோம். நாடி பார்க்கும்போதெல்லாம் இரண்டு கால்களின் விரல்களையும் அசைக்கச் சொல்லுங்கள். கால் சோர்ந்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நெஞ்சுவலியும் விழுங்கும்போது வலியும் சில நாள் இருக்கும். பழுப்பான பழைய ரத்தம் சளியில் வருவதும் அப்படித்தான். பளிச்சென்ற சிவப்பு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

அவசரப் பிரிவு மருத்துவர், தருமபுரி

அடைத்த பிறகும் ரத்தம் அதே வேகத்தில் வந்தால், கசிவது நுரையீரல் தமனியின் வீக்கமாக இருக்கலாம், அதை வேறு வழியாகப் போய் அடைக்க வேண்டும். மாதங்கள் கழித்து மறுபடி வந்தால், காசநோய் விட்டுப்போன நுரையீரல் குழியில் பூஞ்சைக் கட்டி இருக்கிறதா, விலா எலும்புத் தமனிகள் புதிதாகக் கிளை விட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாம் முறையும் அடைக்கலாம். பூஞ்சைக் கட்டி இருந்து, நுரையீரலின் திறனும் தாங்குமென்றால், அறுவை சிகிச்சை நிபுணரிடம் அப்போதே காட்டிவிடுங்கள்.