புதுப்பிப்பு: டிவிடி டிரைவ் இல்லாமலே பழைய லேப்டாப்ல லினக்ஸ் ஏறிடுச்சு

அப்பாவோட பழைய லேப்டாப்ல டிவிடி டிரைவ் வேலை செய்யல, பயாஸ்ல (கம்ப்யூட்டர ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற புரோகிராம்) யூஎஸ்பி பூட்டும், அதாவது பென்டிரைவ்லேர்ந்து ஸ்டார்ட் பண்ற வசதியும் இல்ல, லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) எப்படிப் போடறதுன்னு கேட்டிருந்தேனே, அது முடிஞ்சிருச்சு! நெட்வொர்க் பூட் (நெட்வொர்க் வழியா இன்னொரு கம்ப்யூட்டர்லேர்ந்து ஸ்டார்ட் பண்றது) பண்ணச் சொன்ன அண்ணனுக்கு நன்றி, நல்ல வழிதான், ஆனா அதுக்கு வீட்ல லேப்டாப்புக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்குற டிஎச்சிபி சர்வர், பூட் ஃபைல அனுப்புற டிஎஃப்டிபி சர்வர் எல்லாம் ஓட்டணும். ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டிப் போடுங்கன்னு ஒரு அக்கா சொன்னாங்கல்ல, அதான் கைகொடுத்துச்சு.

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் மால்ல சாட்டா டு யூஎஸ்பி கேபிள் (ஹார்ட் டிஸ்க்க யூஎஸ்பில மாட்ட உதவுறது) வாங்கினேன். லேப்டாப் அடிமூடியத் திறந்து 2.5 இன்ச் டிஸ்க்க பக்கவாட்டுல மெதுவா இழுத்தா வந்துரும், வெடுக்குன்னு மேல தூக்கிடாதீங்க, கனெக்டர் உடைஞ்சிடும்.

தம்பி பிசில மாட்டுறதுக்கு முன்னாடி அவனோட சொந்த டிஸ்க் கேபிளப் பிடுங்கிட்டேன், ஏன்னா கிரப்ப (ஆபரேட்டிங் சிஸ்டத்த ஸ்டார்ட் பண்ற புரோகிராம்) எந்த டிஸ்க்ல போடணும்னு இன்ஸ்டாலர் கேக்கும்போது கை தவறினா அவன் விண்டோஸ் பூட் ஆகாமப் போயிடும். அதவிட முக்கியம், இன்ஸ்டாலர் பென்டிரைவ லெகசி மோடுலதான் (பழைய பயாஸ் முறை) பூட் பண்ணணும், பயாஸுக்கு அடுத்து வந்த யூஇஎஃப்ஐ முறைல போட்டா பழைய மெஷின் அந்த டிஸ்க்கக் கண்டுக்கவே கண்டுக்காது. பிராசசர் பழைய 32 பிட் வகைங்கறதால டெபியன்ங்கற லினக்ஸ்ல 12ம் பதிப்ப எடுத்தேன், 13ல 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது.

திரும்ப லேப்டாப்ல மாட்டினதும் நேரா பூட் ஆயிடுச்சு! டிஸ்க்க யூயூஐடிங்கற தனி அடையாள எண் வச்சு அடையாளம் பாக்குறதால இடம் மாறினாலும் குழப்பமில்ல. வைஃபையும் தானா வந்துச்சு, டெபியன் 12லேர்ந்து ஃபர்ம்வேர் (வைஃபை சிப் மாதிரி பாகங்கள் வேலை செய்யத் தேவையான மென்பொருள்) இன்ஸ்டாலர்லயே வருது. அப்பா இப்ப தமிழ் முரசு படிக்க உக்காந்துட்டாரு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். இதே பிரச்சனை இருக்கறவங்க தயங்காம கேளுங்க.