ஹாப்ஸ் கொடி: மூலிகைக் கடைக்கா, பீர் ஆலைக்கா?

நளினி_மூலிகை

பக்கத்து இழையில் ஒருவர், "ஹாப்ஸ் வெறும் பீர் சரக்கு, அதற்கு மூலிகைப் பகுதியில் என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். அங்கே பேச்சு திசைமாறிப் போனதால் தனியாகத் தொடங்குகிறேன்.

என் கட்சி இதுதான்: பீருக்குக் கசப்பு தரும் இந்த ஹாப்ஸ் கொடியை முதலில் மருந்துச் செடியாகத்தான் பார்க்க வேண்டும். பீர் ஆலைகள் அதைச் சுவீகரித்துக்கொண்டதால் நமக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. தூக்கமின்மைக்கும் லேசான மன அழுத்தத்துக்கும் ஹாப்ஸ் கூம்பை, அதாவது அதன் கூம்பு வடிவப் பெண் பூவை, பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழுவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. காய்ந்த கூம்புகளைத் தலையணையில் அடைத்துத் தூங்குவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். 1999இல் இதிலிருந்து 8-பிரினைல்நாரிஞ்செனின் என்ற பொருளை அடையாளம் கண்டார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போலச் செயல்படும் தாவரப் பொருள்களில் மிக வீரியமானவற்றில் அது ஒன்று. இவ்வளவு இருக்கும்போது அதை "பீர் சரக்கு" என்று ஒதுக்குவது நியாயமா?

பழனிவேல்

நளினி மேடம், மருந்து முகமை சொன்னதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஹாப்ஸை அவர்கள் ஏற்றது "பாரம்பரியப் பயன்பாடு" என்ற பிரிவில். அந்தப் பிரிவுக்குள் வர, ஒரு மூலிகை குறைந்தது 30 ஆண்டு பழக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அதில் 15 ஆண்டாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள். கூடவே பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும். மருத்துவச் சோதனையில் பலன் நிரூபணமாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது. "ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறார்கள், கெடுதல் ஒன்றும் தெரியவில்லை" என்பதற்கான சான்றிதழ் அது.

தூக்கச் சோதனைகளிலும் பெரும்பாலும் ஹாப்ஸை வலேரியன் என்ற இன்னொரு தூக்க மூலிகையின் வேரோடு சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். தூங்கினவர் எதனால் தூங்கினார் என்று எப்படிப் பிரிப்பது?

பழைய சாட்சி வேண்டுமென்றால், 12ஆம் நூற்றாண்டு ஜெர்மன் துறவி ஹில்டகார்ட் எழுதியதைப் பாருங்கள். மூலிகைகளைப் பற்றி விரிவாக எழுதியவர். ஹாப்ஸ் மனிதனுக்கு அவ்வளவு உகந்ததில்லை, மனச்சோர்வைக் கூட்டும் என்கிறார். அதே மூச்சில், அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் வைக்கும் என்றும் சொல்கிறார். மூலிகைக்காரரே மருந்துக்கு வேண்டாம், பானத்துக்கு வேண்டும் என்கிறார் பாருங்கள்!

நளினி_மூலிகை

உடலின் ரசங்கள் கூடிக் குறைவதால்தான் நோய் வருகிறது என்ற ஹில்டகார்ட் காலத்துக் கோட்பாட்டை வைத்து இன்றைய மூலிகையை எடைபோட முடியாது சார். அந்தக் கணக்கில் பார்த்தால் பாதி காய்கறி விலக்கு. இன்னொன்றும் கேட்கிறேன்: பாரம்பரியப் பயன்பாடு என்பது உங்களுக்கு ஒரு சான்றே இல்லையா?

பழனிவேல்

சான்றுதான். சோதனை செய்து பார்க்கலாம் என்பதற்கான சான்று. புட்டியில் "ஆழ்ந்த உறக்கம்" என்று அச்சடிப்பதற்கு அது போதாது.

சிவா_மியூனிக்

நான் இருப்பது மியூனிக்கில். வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஹல்லர்டா. உலகத்தில் ஒரே இடத்தில் இவ்வளவு ஹாப்ஸ் விளைவது அங்கேதான். நளினி அக்கா ஒருமுறை அந்த வட்டாரத்தைப் பார்த்தால், இது யாருக்காக வளர்க்கிற செடி என்ற கேள்வியே வராது.

7 மீட்டர் உயரத்துக்குக் கம்பம் நட்டு, மேலே கம்பி இழுத்திருப்பார்கள். வசந்தத்தில் வேர்க்கிழங்கிலிருந்து ஏகப்பட்ட தளிர் வரும். நாலைந்தை மட்டும் கம்பியில் ஏற்றிவிட்டு மற்றதை வெட்டிவிடுவார்கள். பற்றுச்சுருள் எதுவும் கிடையாது. தண்டில் கொக்கி மாதிரி முரட்டு ரோமம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு தண்டே கம்பியைச் சுற்றி ஏறும், அதுவும் எப்போதும் வலஞ்சுழியாகத்தான். சூடான நாட்களில் ஒரே நாளில் 20, 30 செ.மீ. கூட வளரும். ஜூன் கடைசியில் மேலே தொட்டுவிடும். ஆகஸ்ட் கடைசியில் அறுவடை. கொடியை முழுசாக அறுத்து இயந்திரத்தில் கொடுத்துக் கூம்பைப் பிரித்து, உடனே சூளையில் காயவைப்பார்கள். பச்சைக் கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், விட்டால் வெந்துபோகும்.

பெண் கொடிக்குத்தான் அங்கே மரியாதை. ஆண் கொடி பக்கத்தில் இருந்தால் கூம்பில் விதை பிடித்துவிடும், ஆலைக்காரர்களுக்கு அது ஆகாது. அதனால் காட்டில் தானாக முளைத்த ஆண் கொடியைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். இந்த ஏற்பாடு எல்லாம் கூம்பின் இதழ் இடுக்கில் இருக்கும் மஞ்சள் தூளுக்காக. லூபுலின் என்பார்கள். விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும், வாசனை லேசில் போகாது.

அப்துல்_ஈரோடு

கஞ்சாவும் இதுவும் ஒரே குடும்பமாமே? கஞ்சா வேரில் ஹாப்ஸை ஒட்டுக்கட்டினால் போதை வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

பழனிவேல்

ஒரே குடும்பம் என்பது உண்மை. ஒட்டுக்கட்டிச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள், 1975இலேயே. போதைப்பொருள் ஹாப்ஸ் பக்கம் வரவில்லை. மற்றபடி அந்த வீடியோக்காரரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சிவா தம்பி சொன்ன மஞ்சள் தூளுக்கு வருகிறேன். அதில்தான் விஷயமே இருக்கிறது. அதில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றில் கொதிக்கும்போது உருமாறி ஐசோ-ஆல்ஃபா அமிலங்கள் ஆகின்றன. பீரின் கசப்பு அதுதான். லாக்டோபேசில்லஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் சவ்வைக் குலைப்பதும் அதுவேதான். ஈஸ்டை ஒன்றும் செய்யாது. அதாவது, புளிக்கவைக்கிற ஆளை விட்டுவிட்டு, கெடுக்கிற ஆளை மட்டும் பிடிக்கிறது. இப்படி ஒரு செடி கிடைத்தால் யார் விடுவார்கள்? அதற்கு முன் பீரில் போட்டுக்கொண்டிருந்த சதுப்புநில மிர்ட்டில், யாரோ (yarrow) என்ற செடி போன்றவை சேர்ந்த மூலிகைக் கலவைகள் மெல்லப் பின்வாங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம். கலவை விற்கும் உரிமையும் அதன் வரியும் யார் கையில் என்ற சண்டையும் உண்டு, அது தனிக் கதை. 822இல் பிரான்ஸின் கோர்பி மடத்துத் தலைவர் அடல்ஹார்டின் ஆவணத்திலேயே மடத்துக்கு வரவேண்டிய ஹாப்ஸ் பற்றிய பேச்சு இருக்கிறது. 1516இல் பவேரியச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் இவை மட்டும் போதும் என்று எழுதிவைத்துவிட்டது.

இன்றைக்கும் இதே குணம்தான் பீருக்கு வெளியேயும் விற்கிறது. ஐரோப்பாவில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளில் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்த ஹாப்ஸின் பீட்டா அமிலங்களைச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் தேன்கூட்டில் வரும் வரோவா உண்ணியைக் கொல்லவும் அதே பீட்டா அமிலங்கள். பலன் அளந்து பார்த்த உபயோகங்கள் இவை. தலையணையை யார் அளந்தார்கள்?

நளினி_மூலிகை

அப்படியானால் பாக்டீரியாவைக் கொல்வது மருத்துவ குணம் இல்லையா? நீங்களே என் பக்கம் வாதாடுகிறீர்கள் சார். ஹார்மோன் விஷயத்தையும் தாண்டிப் போய்விட்டீர்கள். ஹாப்ஸ் பறிக்கப் போன பெண்களுக்கு மாதவிலக்கு மாறுவதாக ஐரோப்பாவில் வெகுநாளாகச் சொல்லிவந்தார்கள். அதன் பின்னால் என்ன இருக்கலாம் என்று பிற்பாடு ஆய்வகம் காட்டியது. பாட்டி சொன்னது முதலில் வந்தது, சோதனைக்குழாய் அப்புறம்தான் வந்தது.

பழனிவேல்

அங்கே உங்களோடு ஒத்துப்போகிறேன், அந்தப் பொருள் வீரியமானதுதான். ஆனால் அதுதான் எனக்குப் பயம். ஹார்மோனைத் தொடுகிற பொருள் என்றால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. "மூலிகைதானே" என்று வாங்குகிறவருக்கு இதை யார் சொல்கிறார்கள்? புட்டிக்குப் புட்டி அளவும் மாறும். பீரில் இருப்பதோ மைக்ரோகிராம் கணக்கு, அதை வைத்துப் பீர் குடிப்பவர்களைக் கேலி செய்யும் மீம்களுக்கும் அடிப்படை இல்லை.

சிவா_மியூனிக்

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வடிகட்டிய ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். நாய் தின்றால் உடம்புச் சூடு எக்கச்சக்கமாக ஏறி உயிரே போகலாம்.

இன்னொன்று, இந்தியா சம்பந்தப்பட்டது. ஐபிஏ என்கிற இந்தியா பேல் ஏல் பீர், கப்பலில் இந்தியா வருவதற்குள் கெடாமலிருக்க ஹாப்ஸை அள்ளிப்போட்டுக் கண்டுபிடித்ததுதானே? ஹாப்ஸின் பெருமைக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பழனிவேல்

கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது தம்பி. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்டிப் போடச் சொல்லும் அறிவுரை 18ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பல்களில் வந்து நன்றாகவே விற்றது. லண்டன் ஹாட்ஜ்சன் ஆலைக்கு இந்திய வியாபாரம் அமைந்ததில், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் துறைக்குப் பக்கத்தில் இருந்ததற்கும் கப்பல் அதிகாரிகளுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்ததற்கும் பெரிய பங்கு. ஹாப்ஸ் உதவியது, மறுக்கவில்லை. அதற்கு ஒரு கதாநாயகன் வேஷம் கட்டத்தான் வேண்டாம் என்கிறேன்.

கோத்தகிரி_வேலு

எல்லாம் சரி, நான் விவசாயி, என் கேள்வி வேறு. 2021இல் ஹாப்ஸ் தளிர் கிலோ 1 லட்சம் ரூபாய், பீகாரில் ஒருவர் வளர்க்கிறார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே. எங்கள் ஊர்க் குளிருக்கு இது வருமா? தேயிலை விலை இருக்கிற இருப்பில் எதையாவது மாற்றிப் போட வேண்டியிருக்கிறது.

சிவா_மியூனிக்

வேலு அண்ணே, அந்தச் செய்தி பொய். ஐஏஎஸ் அதிகாரி ஒருவர் ட்வீட் போட்டதால் பரவியது. பத்திரிகைக்காரர்கள் அந்த ஊருக்குப் போய்த் தேடியபோது அங்கே அப்படி ஒரு பயிரே இல்லை. தளிருக்கு நல்ல விலை உண்டு என்பது மட்டும் நிஜம். பெல்ஜியத்தில் பொப்பரிங்க பக்கம் மண்ணைக் கிளறிக் கையால் ஒவ்வொன்றாகக் கிள்ளுவார்கள். கூலிதான் அந்த விலை. சீசனும் சில வாரம்தான். இத்தாலியில் வெனிஸ் பக்கம் காட்டுத் தளிரைச் சும்மா பறித்து வந்து சோற்றில் போட்டுக் கிண்டுகிறார்கள்.

பழனிவேல்

குளிர் போதாது வேலு, பகல் நீளம் வேண்டும். மியூனிக்கில் ஜூன் மாதம் பகல் 16 மணி நேரம். உங்கள் ஊரில் வருஷத்தின் மிக நீண்ட பகலே 13 மணியைத் தொடாது. பகல் குட்டையாக இருந்தால் கொடி ஏறி முடிப்பதற்குள் பூத்துவிடும், கூம்பும் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். 35 முதல் 55 பாகை அட்சரேகைக்குள்தான் இது பெரும்பாலும் விளைகிறது. இந்தியாவில் உருப்படியாக வளர்த்தது ஹிமாச்சலின் லாஹௌலில், 1970களிலிருந்து. அங்கேயும் விலை கட்டுப்படியாகாமல் பலர் பட்டாணிக்கும் காலிஃபிளவருக்கும் போய்விட்டார்கள்.

நளினி_மூலிகை

பிரேசிலில் வளர்க்கிறார்களே சார்? பூமத்தியரேகைக்கு அவ்வளவு பக்கத்தில்?

சிவா_மியூனிக்

வளர்க்கிறார்கள் அக்கா. இருட்டினதும் தோட்டத்தில் எல்இடி விளக்குப் போட்டுப் பகலை நீட்டுகிறார்கள்.

கோத்தகிரி_வேலு

விளக்கா! இருட்டில் தோட்டத்துக்குள் காட்டெருமை நிற்கிறதா என்று பார்க்க எனக்கு இருப்பது ஒரு டார்ச். அந்தக் கரண்ட் பில்லுக்குப் பேசாமல் கேரட்டே போட்டுக்கொள்கிறேன். நளினி அம்மா, அந்தத் தூக்க மாத்திரை பற்றி மட்டும் இன்னும் சொல்லுங்கள், வீட்டில் ஒருத்தருக்குத் தேவைப்படுகிறது.

பழனிவேல்

வேலு, முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவர் ஏற்கெனவே தூக்க மருந்தோ இரத்த அழுத்த மருந்தோ எழுதியிருந்தால், அதோடு இதைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள்.

நளினி_மூலிகை

அதை நானும் சொல்கிறேன். ஆனால் மருத்துவர் சரி என்றால் கூம்பைத் தேநீர் மாதிரி வெந்நீரில் ஊறவைத்துப் படுக்கப் போகும் முன் கொடுத்துப் பாருங்கள். குடித்துவிட்டு வண்டி மட்டும் ஓட்டக் கூடாது. பழனிவேல் சார் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.