டாக்பேக் பிரெய்ல் விசைப்பலகை: 'ழ' அடித்தால் 'ர' வருகிறது, உதவுங்கள்

கயல்:
வணக்கம் நண்பர்களே. ஆண்ட்ராய்டு போனில், பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கோடு வரும் பிரெய்ல் விசைப்பலகையில் தமிழ் அடிக்கிறேன். போனைப் படுக்கைவாக்கில் திருப்பி, திரை வெளியே பார்க்கும்படி பிடிக்கிறேன். க, ச, ப எல்லாம் சரியாக விழுகின்றன. 'ழ' மட்டும் பாதி நேரம் 'ர' ஆகிவிடுகிறது. 'வ' சில சமயம் 'ல' ஆகிறது. 'பழம்' என்று அடித்தால் 'பரம்' என்று வாசிக்கிறது! நடுநடுவே ஸ்கிரீன்ஷாட் வேறு எடுத்துக்கொள்கிறது. போனையே மாற்ற வேண்டுமா? குரலில் சொல்லி எழுதலாம்தான், ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் என் சொந்தச் செய்தியைச் சத்தமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆறுபுள்ளி:
போனை மாற்ற அவசரப்படாதீர்கள் கயல். நீங்கள் சொன்னதிலேயே துப்பு இருக்கிறது. பிரெய்லில் ஒவ்வொரு எழுத்தும் ஆறு புள்ளிகளில் சிலவற்றின் சேர்க்கை; 1, 2, 3 இடது கை விரல்களுக்கு, 4, 5, 6 வலது கை விரல்களுக்கு. 'ழ' என்பது 1, 2, 3, 5, 6. அதில் 6 விழாவிட்டால் 1, 2, 3, 5, அதாவது 'ர'. 'வ' 1, 2, 3, 6. அதிலும் 6 போனால் மிஞ்சுவது 'ல'. ஆக, தொலைவது எப்போதும் ஆறாம் புள்ளி, உங்கள் வலது மோதிர விரல்.

இப்போது 'ன' மட்டும் பலமுறை அடித்துப் பாருங்கள். அதற்கு 5, 6 போதும். அதுவும் தவறினால் விரல் இருக்கும் இடம்தான் பிரச்சினை. 'ன' ஒழுங்காக வந்து 'ழ' மட்டும் தவறினால், பல விரல்கள் சேரும்போதுதான் ஏதோ நடக்கிறது. சில திரைகள் ஒரே நேரத்தில் குறைந்த எண்ணிக்கைத் தொடுதல்களைத்தான் ஏற்கும். அப்படியானால் பிரச்சினை திரையில்தான்.

ஸ்கிரீன்ஷாட் தனிக் கதை. மூன்று விரலைக் கீழே இழுத்தால் படம் எடுக்கும் வசதி பல போன்களில் உண்டு. 'ல' அடிக்கும்போது இடது கை மூன்று விரலும் லேசாகச் சறுக்கினால் போதும், போன் அதை அந்தச் சைகை என்று எடுத்துக்கொள்ளும். போன் அமைப்புகளில் சைகைகள் பகுதிக்குப் போய் அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

இசைமகள்:
நான் ஐபோனில், அதன் திரை வாசிப்பு வசதியான வாய்ஸ்ஓவரோடு அடிக்கிறேன். அங்கே வலது மூன்று விரலை ஒன்றாக வைத்து எடுத்து, உடனே இடது மூன்று விரலையும் அப்படியே வைத்து எடுத்தால், புள்ளிகள் நம் விரல் இருக்கும் இடத்துக்கு நகர்ந்து வரும். கண்ணாடியில் தடவிப் பார்க்க மேடு பள்ளம் எதுவும் இல்லையே, அடிக்க அடிக்கக் கை தானாக நகர்ந்துவிடும். ஒவ்வொரு முறை போனைக் கையில் எடுக்கும்போதும் இதைச் செய்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

கயல்:
ஆறுபுள்ளி ஐயா, சைகையை அணைத்தேன், ஸ்கிரீன்ஷாட் நின்றுவிட்டது. 'ன' ஒருமுறைகூடத் தவறவில்லை. 'ழ' மெதுவாக அழுத்தினால் வருகிறது, வேகமாக அடித்தால் மறுபடி 'ர'.

ஆறுபுள்ளி:
மெதுவாக வருகிறது என்றால் உங்கள் திரை ஐந்து விரலையும் ஏற்கிறது. நல்ல செய்தி! மோதிர விரல் தாமதமாக இறங்குகிறது, அதற்குள் மற்றவை எழுந்துவிடுகின்றன. டாக்பேக் அமைப்புகளில் பிரெய்ல் விசைப்பலகைப் பகுதியைத் திறந்து, ஒரு விரலாவது திரையில் இருக்கும்வரை புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளும் தெரிவு இருக்கிறதா பாருங்கள். அதை இயக்கினால் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினாலும் ஒரே எழுத்தாகச் சேரும்.

புதியவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 'அம்மா' அடித்தால் ஆங்கில எழுத்துகளாக வருகிறதே?

இசைமகள்:
விசைப்பலகை ஆங்கில பிரெய்லில் இருக்கிறது தம்பி. அதே அமைப்புப் பகுதியில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, அதற்கு மாறிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில், மெய்யெழுத்தின் மேல் நாம் வைக்கும் புள்ளிக்கு உரிய குறி (4) அந்த எழுத்துக்கு முன்னால் வரும். 'அம்மா' என்றால் 1, அப்புறம் தனியாக 4, பிறகு 'ம' இரண்டு முறை, கடைசியில் 'ஆ' வுக்கு 3, 4, 5. திரையில் பார்த்து எழுதிப் பழகியவர்கள் 4-ஐ 'ம' வுக்குப் பின்னால் போட்டுவிடுகிறார்கள்.

கயல்:
அந்தத் தெரிவு இருந்தது, இயக்கிவிட்டேன். 'பழம்', 'வாழை', 'மழை' எல்லாம் வேகமாக அடித்தும் அப்படியே வருகின்றன. மிக்க நன்றி. தவறினால் முழுச் சொல்லையும் ஒரே தடவையில் அழிக்க வழி உண்டா?

ஆறுபுள்ளி:
உண்டு. இரண்டு விரலால் இடப்பக்கம் இழுங்கள், சொல் போய்விடும். ஒரு விரல் என்றால் ஓர் எழுத்து.