சமையலறைக் கழிவுக்கு எந்தப் பை? காகிதமா, மக்கும் பிளாஸ்டிக்கா?

தோட்டக்காரி:
உணவுக் கழிவைத் தனியாகச் சேர்ப்பவர்கள் காகிதப் பைக்கு மாறிவிடுங்கள் என்பேன். காகிதத்தில் ஈரம் வெளியேறும், கழிவு ஓரளவு உலரும், நாற்றம் குறையும். பையும் சேர்ந்தே மக்கும். பிறகு எதற்கு பிளாஸ்டிக்?

நாலாம்மாடி:
மேல் மாடியில் குடியிருந்து பார்த்தால் தெரியும். உணவுக் கழிவில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். போன வாரம் இரண்டு நாள் கழிவைக் காகிதப் பையில் இறக்கினேன். இரண்டாம் மாடி திரும்பும்போது அடி பிய்ந்துவிட்டது. ஊறிய பழத்தோலும் மீன் முள்ளும் படியெல்லாம் சிதறின. அரை மணி நேரம் உட்கார்ந்து கழுவினேன். இப்படி இரண்டு முறை ஆனால் கழிவைப் பிரிப்பதையே ஜனங்கள் விட்டுவிடுவார்கள். மாவுச்சத்தில் செய்த மக்கும் பைதான் சரி. அதிலும் ஈரம் ஆவியாகும், ஆனால் கிழியாது.

தோட்டக்காரி:
அந்தப் பையைத்தான் என் உரக்குழியில் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதம் கழித்துக் கிளறினால் கைப்பிடி முடிச்சு அப்படியே வந்தது. மக்கும் என்று மேலே அச்சடித்திருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

மண்வாசனை:
உரக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். ஈஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி, 12 வாரத்தில் பை சிதைந்து, 2 மி.மீ. சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது. 6 மாதத்துக்குள் 90 சதவீதம் உயிர்ச்சிதைவு அடைய வேண்டும், அதாவது நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்க வேண்டும். ஆனால் இதெல்லாம் தொழிற்கூடச் சூட்டில், சுமார் 58 டிகிரியில் சோதிப்பது. வீட்டுக்குழியில் அந்தச் சூடு நிலைக்காது. வீட்டு உரத்துக்கென்று தனிச் சான்று உண்டு, வாங்கும்போது அதைப் பாருங்கள். சாதாரண பிளாஸ்டிக்கில் சீக்கிரம் உடைவதற்கான வேதிப்பொருள் கலந்த 'ஆக்சோ' வகையைத் தொடவே வேண்டாம். அது மக்குவதில்லை, நுண்துகளாக உடைகிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2021-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

நாலாம்மாடி:
என் கழிவு உரக்கூடத்துக்குத்தானே போகிறது. அப்போது நான் சொன்னது சரிதானே?

மண்வாசனை:
உரக்கூடமா, கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கூடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எரிவாயுக் கூடங்கள் பலவற்றில் முதல் இயந்திரமே பைகளைக் கிழித்து வெளியே தள்ளிவிடும். மக்கும் பையும் சாதாரணப் பையும் ஒரே குவியலில் போய் விழும். அங்கே கூடுதல் காசு கொடுத்து மக்கும் பை வாங்குவது வீண்.

தோட்டக்காரி:
அந்தக் குவியலைப் பார்த்த பிறகுமா பிளாஸ்டிக்குக்குப் பேசுகிறீர்கள்? கழிவைச் சல்லடையில் வடித்துவிட்டு, பையின் அடியில் பழைய செய்தித்தாளை நாலாக மடித்துப் போடுங்கள். நிறையும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே இறக்கிவிடுங்கள். எனக்கு ஒரு பை கூடக் கிழிந்ததில்லை.

நாலாம்மாடி:
வடிப்பதைச் செய்கிறேன். ஆனால் தினமும் நாலு மாடி இறங்க என் அம்மாவால் முடியாது, காகிதம் எங்கள் வீட்டுக்கு ஆகாது. எங்கள் கழிவு எங்கே போகிறது என்று நாளைக்கு வண்டிக்காரரைக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.