பிள்ளைகள் பல்லைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்று தாளில் அளப்பது: உருப்படியான வேலையா, வெட்டி வேலையா?

கணக்குவாத்தி:
போன வாரம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆளுக்கொரு படிவம். "எனக்குப் பல் சொத்தை வர வாய்ப்பு உண்டு", "பல் வலி வந்தால் படிப்பு கெடும்", "தினமும் இரண்டு வேளை துலக்குவது எனக்குச் சிரமம்" என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (முற்றிலும் மறுக்கிறேன்) முதல் 5 (முற்றிலும் ஏற்கிறேன்) வரை ஏதாவது ஒன்றை வட்டமிட வேண்டும். கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் முதல் வரியில் 5-ஐ வட்டமிட்டான், பேனாவை எடுக்காமலே கீழே வரைக்கும் ஒரு கோடு இழுத்தான், முடிந்தது. தாளை நீட்டிச் சிரித்தபோது பார்த்தேன், முன்பல் இரண்டுக்கும் நடுவில் கறுப்பாகச் சொத்தை.

சொத்தை வாயில் இருக்கிறது. சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் எண்ணிவிடலாம். அதை விட்டுவிட்டு அவன் மனசில் என்ன இருக்கிறது என்று தாளில் அளப்பது யாருக்காக? தீசிஸுக்குத்தானே?

பல்லவன்:
தீசிஸுக்கும்தான் சார், மறைக்க ஒன்றுமில்லை. நான் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவப் பிரிவில் இருப்பவன், எனக்கும் ஒரு காலத்தில் அது தேவைப்பட்டது.

ஆனால் வாயைப் பார்த்தால் தெரிவது நேற்றுவரை நடந்தது. 15 வயதில் கண்ணில் படும் சொத்தை எப்போது ஆரம்பித்ததோ. நாளை ராத்திரி அவன் பிரஷ்ஷைத் தொடுவானா என்பதற்கு அதில் பதில் கிடையாது. 1950-களில் அமெரிக்காவில் காசநோய் கண்டுபிடிக்க இலவச எக்ஸ்ரே வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பினார்கள். காசும் இல்லை, அலைச்சலும் இல்லை, அப்படியும் ஏகப்பட்ட பேர் வரவில்லை. ஏன் என்று பொதுச் சுகாதாரத் துறையில் இருந்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் போன்ற உளவியலாளர்கள் தோண்டியதில்தான் 'உடல்நல நம்பிக்கை மாதிரி' (Health Belief Model) உருவானது. நமக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், செய்தால் என்ன லாபம், செய்யவிடாமல் தடுப்பது எது என்று நாலாகப் பிரித்தார்கள். 'என்னால் செய்ய முடியும்' என்ற தெம்பு 1988-ல் சேர்ந்தது. உங்கள் வகுப்புக்கு வந்த படிவத்தின் வம்சம் இதுதான்.

வேப்பங்குச்சி:
ஆலும் வேலும் பல்லுக்குறுதி. எங்க தாத்தா எந்தப் படிவமும் நிரப்பாமல் எண்பது வயசில் கரும்பு கடித்தார்.

பல்லவன்:
@வேப்பங்குச்சி, தாத்தா காலத்தில் மூணு வேளையும் பிஸ்கட்டும் கூல்டிரிங்ஸும் கிடையாது. குச்சியை மட்டும் பாராட்டாதீங்க.

அளவுகோல்:
நான் புள்ளியியல் பக்கத்து ஆள். வாத்தியார் சொன்ன அந்தக் கோட்டுப் பையனைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள், அவன் ரொம்ப ஆபத்தானவன்.

இந்த மாதிரிப் படிவத்தின் தரத்தைச் சொல்ல எல்லா ஆய்விலும் ஒரு எண் போடுவார்கள், கிரான்பாக் ஆல்பா. 1951-ல் வந்தது. 0.7 தாண்டினால் 'நம்பகமானது' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த எண் பார்ப்பது கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்பதை மட்டும். வகுப்பில் பத்துப் பேர் எல்லாத்துக்கும் 5, பத்துப் பேர் எல்லாத்துக்கும் 3 என்று போட்டால் ஆல்பா கீழே போகாது, ஜிவ்வென்று மேலே போகும். ஒரே கேள்வியை நாலு விதமாக மாற்றிக் கேட்டாலும் அப்படியே. படிக்காமல் நிரப்பிய தாளுக்கு 0.9 வாங்கி முன்னுரையில் பெருமையாகப் போட்டுக்கொள்ளலாம்.

பல்லவன்:
அதுக்குத்தானே எதிர்மறை வாக்கியங்களை நடுவில் செருகுகிறோம். "துலக்காவிட்டாலும் என் பல்லுக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒன்று. இரண்டுக்கும் 5 போட்டவன் மாட்டிக்கொள்வான், அந்தத் தாளைக் கழித்துவிடலாம்.

கணக்குவாத்தி:
டாக்டர், கழிக்கப்படுகிறவன் யார் தெரியுமா? என் வகுப்பில் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "ஒன்றும் ஆகாது என்பதை முற்றிலும் மறுக்கிறேன்" என்றால் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தலை சுற்றும். அவர்கள் தாளைக் கழித்தால் மிச்சம் இருப்பது முதல் இரண்டு பெஞ்சு. பல் பிரச்சினை அதிகம் எந்தப் பெஞ்சில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவுகோல்:
+1. அப்போது அளந்தது வாசிப்புத் திறனை.

இன்னொன்று, இது ஆழமான சிக்கல். நன்றாகத் துலக்குகிற பிள்ளை "எனக்குச் சொத்தை வர வாய்ப்பில்லை" என்பாள். அது சரியான பதில்தான். ஆனால் 'வருமா' பகுதியில் அவளுக்கு மதிப்பெண் குறையும். ஏற்கெனவே இரண்டு பல்லை அடைத்தவன் "நிச்சயம் வரும்" என்று 5 போடுவான். ஒரே நாளில் நம்பிக்கையையும் பழக்கத்தையும் அளந்து ஒப்பிட்டால், பயப்படுகிறவன் துலக்குவதில்லை என்று தலைகீழான முடிவு வரும். "இப்படியே துலக்கிக்கொண்டிருந்தால் வருமா?" என்று நிபந்தனையோடு கேட்க வேண்டும், கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாள் போய்த் தாளை வாங்கி வருகிறவர்களுக்கு அந்தப் பொறுமை ஏது?

தர்மபுரிக்காரி:
நான் மாணவியர் விடுதியில் வேலை பார்க்கிறேன். நீங்கள் எல்லாரும் படிவத்தின் வடிவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா?

எங்களிடம் வந்த தாளில் ஒரு வரி: "ஒழுங்காகத் துலக்கினால் பல் வெண்மையாக இருக்கும்." எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டின தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கோடும் திட்டுமாக வருகிறது. எனாமல் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை அது, துலக்கினால் போகாது. ஒகேனக்கல் தண்ணீர் வந்த ஊர்களிலும் ஏற்கெனவே விழுந்த கறை அப்படியேதான் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ராத்திரியும் விடாமல் துலக்குகிறவள், அந்த வரிக்கு 1 போட்டாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாள் அவள். அவளுடைய அனுபவத்துக்கு அந்த 1 நியாயம். உங்கள் கணக்கில் அவள் 'தவறான நம்பிக்கை உள்ளவள்'.

கேட்க வேண்டியதையும் கேட்கவில்லை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும், ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) செய்தால் பல் ஆட ஆரம்பிக்கும் என்ற பொய்ப் பயங்கள். எங்கள் பிள்ளைகள் வலியோடு கிடந்தும் டாக்டரிடம் போகாததற்கு இந்த இரண்டும் போதும். தாளில் ஒரு வரிகூட இதைப் பற்றி இல்லை. தடை என்ற தலைப்பில் "நேரமில்லை", "செலவாகும்" என்று இருந்தது. காலையில் ஒரே குழாயில் வரிசை நிற்கிறதே, அது எந்தக் கட்டத்தில் வரும்?

பல்லவன்:
மேடம், நீங்கள் சொன்ன இரண்டையும் என் நாற்காலியில் தினமும் கேட்கிறேன், பெரியவர்களிடமிருந்தும். வெளியிலிருந்து ஒரு அளவுகோலை எடுத்து மொழிபெயர்த்து அப்படியே ஒட்டுவதால் வரும் கோளாறு இது. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் கவாமுரா 1988-ல் உருவாக்கிய பட்டியலில் 20 வாக்கியங்கள், ஒப்புக்கொள்கிறேனா இல்லையா என்று மட்டும் கேட்கும். 1 முதல் 5 குழப்பம் கிடையாது என்பதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் "சின்னப் பிள்ளை அளவு பிரஷ் பயன்படுத்துகிறேன்" என்று அதில் ஒரு வரி உண்டு. உங்கள் விடுதியில் அதை வைத்து என்ன செய்வது!

ஆனால் ஒன்று. மேல்பல்-கண் நம்பிக்கை எத்தனை பிள்ளைகளிடம் இருக்கிறது என்று தெரிய நீங்களும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? கண்ணாடியும் டார்ச்சும் அதைக் காட்டாது. முதலில் பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் வாயில் வருகிறதையே வாக்கியமாக்கினால் படிவம் உருப்படும்.

கணக்குவாத்தி:
சரி, நல்ல படிவமே செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்பிக்கையை மாற்றினால் சொத்தை குறையுமா? என் பிள்ளைகளுக்கு இனிப்பு கெடுதல் என்று தெரியும், பரீட்சையில் எழுதுவார்கள். வெளியே வந்ததும் முதல் வேலை மிட்டாய்க் கடை.

அளவுகோல்:
அந்தக் கேள்விக்கு இவர்கள் துறையிலேயே பதில் இருக்கிறது. கே, லாக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-களில் அதுவரை வந்த பல்நலப் பிரச்சார ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பாடம் நடத்தினால் அறிவு கூடுகிறது, பற்படலம் (பல்லில் படியும் அழுக்கு) கொஞ்ச காலம் குறைகிறது, ஆனால் ஃப்ளோரைடு சேராமல் பேச்சால் மட்டும் சொத்தை குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. வாத்தியார் மிட்டாய்க் கடையில் பார்ப்பதும் அதேதான்.

பல்லவன்:
அறிவு வேறு, நம்பிக்கை வேறு. "இனிப்பு கெடுதலா?" என்பது அறிவு. "தூக்கம் சொக்கும்போதும் துலக்கிவிட்டுத்தான் படுப்பேன்", "விடுதியில் மற்றவர்கள் சிரித்தாலும் ராத்திரி துலக்குவேன்" என்பவை தெம்பை அளக்கிற வரிகள். பொதுவாகக் கேட்காமல் இப்படிக் கஷ்டத்தைக் கூட்டிக்கூட்டிக் கேட்க வேண்டும் என்பது உளவியலாளர் பண்டுரா சொன்ன வழி. எனக்கு நாலு பகுதியிலும் சந்தேகம் உண்டு, 'மோசம்' பகுதியை நாளைக்கே தூக்கிவிடலாம். 14 வயசுப் பிள்ளைக்கு அறுபதில் பல்செட் வரும் என்பது ஒரு பயமே இல்லை. வாய் நாறுகிறது என்று பக்கத்தில் இருப்பவன் சொல்லிவிடுவானோ என்பதுதான் பயம். தெம்பு பற்றிய வரிகளை மட்டும் விட மாட்டேன்.

கூடவே வாயையும் பாருங்கள், சம்மதம். பற்படலத்துக்கு சில்னஸ்-லோ முறையில் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடலாம். சாய மாத்திரையைக் கடிக்கச் சொன்னால் அழுக்கு இருக்குமிடம் இளஞ்சிவப்பாகத் தெரியும், பிள்ளைகளே கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்கள்.

தர்மபுரிக்காரி:
அதை எல்லார் முன்னாலும் செய்யாதீர்கள். கறையோடு இருக்கிற பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிடுங்கள்.

கணக்குவாத்தி:
என் நிபந்தனை இரண்டு. படிவம் முதல் நாளே என் கைக்கு வரணும், எங்கள் பிள்ளைகளுக்குப் புரியாத வரியை நானே அடித்துத் தருகிறேன். பல்லைப் பார்க்காமல் தாளை மட்டும் நீட்டினால் வகுப்புக்குள் விட மாட்டேன்.

அளவுகோல்:
வரியைத் தாராளமாக அடியுங்கள். நிரப்பும் நேரத்தில் மட்டும் நீங்கள் உள்ளே நிற்காதீர்கள் சார். வாத்தியார் நின்றால் மொத்த வகுப்பும் இரண்டு வேளை துலக்கும்.

கணக்குவாத்தி:
நான் வெளியே போனால் ஒருத்தன் தாளைப் பார்த்து நாற்பது பேர் எழுதுவார்கள். எந்தப் பொய் பரவாயில்லை என்று உங்களுக்குள் பேசி முடிவு பண்ணிவிட்டு வாருங்கள்.