சமர்கந்திலிருந்து ஷஹ்ரிசப்ஸுக்குத் தனிக் காரில் ஒருநாள் பயணம்: விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் இறுதியில் நானும் 72 வயதான என் தந்தையும் உஸ்பெகிஸ்தான் செல்கிறோம். சமர்கந்தில் தங்கும் நான்கு நாட்களில் ஒன்றைத் தைமூரின் சொந்த ஊரான ஷஹ்ரிசப்ஸுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். பள்ளியில் வரலாறு கற்பித்த அவருக்கு, 1380-இல் கட்டத் தொடங்கிய அக்சராய் அரண்மனையின் வாயிலை நேரில் பார்ப்பது நெடுநாள் ஆசை. வளைவு இடிந்துவிட்ட பின்னும் ஏறத்தாழ 38 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்த இரு கோபுரங்களின் படத்தைப் பழைய நாட்குறிப்பில் ஒட்டி, நீல ஓடுகள் உதிர்ந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

என் கவலையெல்லாம் வழியைப் பற்றியதுதான். 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்த தக்தகராச்சா கணவாயை வளைந்து வளைந்து ஏறிக் கடக்க வேண்டும். அந்த மாதத்தில் பனி விழுந்து பாதை அடைபடுமா? அப்படி அடைத்தால் மலையைச் சுற்றிச் செல்லும் வழியில் போய் அன்றே திரும்ப முடியுமா? விடுதியில் கேட்டபோது கார் வாடகையைச் சொன்னார்களே தவிர, ஓட்டுநர் காத்திருக்கும் நேரமும் அதில் அடங்குமா என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அண்மையில் சென்று வந்தவர்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.

அக்சராயிலிருந்து, தைமூரின் பேரன் உலுக் பெக் எழுப்பிய கோக் கும்பஸ் மசூதி வரை பூங்கா வழியே நெடுந்தூரம் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள அப்பாவுக்கு அங்கே மின்வண்டி கிடைக்குமா? அந்தப் பூங்காவுக்காகப் பழைய குடியிருப்புகளை இடித்ததால்தான் 2016-இல் யுனெஸ்கோ இந்நகரை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. எனவே, எஞ்சியிருக்கும் மண்சுவர்த் தெருக்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதையும் அன்புகூர்ந்து சொல்லுங்கள்.