ரத்னா ஊர் நிலம்

[குடும்பக் குழு: நம்ம வீடு. ஞாயிற்றுக்கிழமை]

மாமா: மாப்பிள்ளை, இந்தோனேசியாவில் உன் மனைவி ரத்னாவின் ஊரிலிருந்து நேற்று நீ போட்ட போட்டோவில் தேக்கு வரிசையாக நிற்கிறதே, அந்த மேட்டு நிலம் விலைக்கு வருகிறது என்றாயே, என்ன சொல்கிறார்கள்? என் ரிடையர்மெண்ட் பணம் பேங்கில் சும்மாதான் கிடக்கிறது.

சுரேஷ்: விலைக்கு வருகிறது என்றுதான் சொன்னேன் மாமா, வாங்கலாம் என்று சொல்லவில்லை 😀

மாமா: தெற்குக் கடற்கரை ஓரமாகப் புது ரோடு போட்டுவிட்டார்கள், வெளியூர்க் கார் எல்லாம் வருகிறது என்றும் நீதான் சொன்னாய்.

சுரேஷ்: வருகிறது. சனி ஞாயிறு யோக்யகார்த்தா நகரத்திலிருந்து பீச்சுக்கு வரிசையாகப் போகிறார்கள். ஆனால் ரத்னா ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி, சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கிறது. குனுங்கிடுல் மாவட்டத்தின் தெற்குப் பக்கம் முழுக்கவே அப்படித்தான், கவிழ்த்துவைத்த தேங்காய்த் தொட்டி மாதிரி ஆயிரக்கணக்கில் குன்று. ரோடு போட்டதும் முதலில் வந்தது டூரிஸ்ட் இல்லை, தரகர்கள். இங்கே மகெலார் என்பார்கள்.

அப்பா: பத்திரம் என்ன மாதிரி? அதை முதலில் சொல்.

சுரேஷ்: அங்கேதான் இடிக்கிறது அப்பா. அந்த நிலத்துக்கு முறையான சான்றிதழ் இல்லை. கிராம ஆபீஸில் பழைய பதிவேடு ஒன்று இருக்கும், லெட்டர் சே என்பார்கள், அதில் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. வாரிசு ஏழு பேர், இரண்டு பேர் எண்பதுகளில் அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தில் சுமத்ராவுக்குப் போனவர்கள். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் மேலே நகரும்.

அப்பா: அப்படியென்றால் தொடாதே. ஏழு கையெழுத்தில் ஒன்று எப்போதும் குறையும்.

மாமா: கையெழுத்தெல்லாம் தரகர் பார்த்துக்கொள்வார் இல்லையா?

சுரேஷ்: பார்த்துக்கொள்வாராம். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் நீங்களும் நானும் வெளிநாட்டுக்காரர்கள் என்பது. 1960 நிலச் சட்டப்படி முழு உரிமை, அதாவது ஹக் மிலிக், இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். எனக்குத் தங்கும் பெர்மிட் இருப்பதால் ஹக் பகாய் என்ற பயன்படுத்தும் உரிமை கிடைக்கும், முதலில் 30 வருடம், அப்புறம் 20, அப்புறம் 30. ஆனால் வெளிநாட்டுக்காரர் வாங்குகிற வீட்டுக்கு மாநிலவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள், கிராமத்து வீட்டுக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை.

பிரபு: அண்ணா, உள்ளூர் ஆள் ஒருத்தர் பெயரில் வாங்கி, அவரோடு தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னாரே, பாலியில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

சுரேஷ்: தரகரும் அதையேதான் சொன்னார், ரத்னாவின் ஒன்றுவிட்ட அண்ணன் பெயரைப் போடலாமாம். அதே சட்டத்தில் 26-வது பிரிவு இருக்கிறது. நேராகவோ சுற்றிவளைத்தோ வெளிநாட்டுக்காரர் கைக்கு நிலம் போனால் அந்தப் பரிமாற்றமே செல்லாது, நிலம் அரசாங்கத்துக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. யூடியூப்காரர் அந்தப் பிரிவைப் படித்துக் காட்டினாரா?

பிரபு: 🤐

கவிதா அக்கா: இதற்கு எதற்கு இவ்வளவு சுற்று, ரத்னா பெயரில் வாங்கிவிட்டால் முடிந்தது. அவள் அந்த ஊர்க்காரிதானே.

சுரேஷ்: நானும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் நினைத்தேன் அக்கா. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து இருவருக்கும் பொது, பொதுவென்றால் பாதி என்னுடையது, நான் வெளிநாட்டுக்காரன், ஆகவே ஹக் மிலிக்கில் அவளாலும் வாங்க முடியாது. சொந்த நாட்டில், என்னைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக! முன்பெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் எழுதியிருக்க வேண்டும். 2016-ல் இங்கே அரசியல் சாசன நீதிமன்றம் கல்யாணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நாங்கள் இன்னும் எழுதவில்லை, அடுத்த மாதம் நோட்டரியிடம் போகிறோம்.

கவிதா அக்கா: அடப்பாவமே. அவள் அப்பா வீடு?

சுரேஷ்: அது பரம்பரையாக வருவது, அவளுக்குத் தனிச் சொத்துதான், பிரச்சினை இல்லை. அவளுக்குப் பிறகு எனக்கு வந்தால் மட்டும் ஒரு வருடத்துக்குள் நான் கைமாற்றிவிட வேண்டும். பையன் இந்தோனேசியப் பாஸ்போர்ட், அவனுக்குப் போய்விடும்.

அம்மா: காலங்காத்தாலே என்ன பேச்சு இது. அவளுக்குப் பிறகு இவனுக்குப் பிறகு என்று.

பிரபு: 😂😂

பிரபு: சரி அண்ணா, பீச் பக்கமாக ஹோம்ஸ்டே? அங்கே நிலம் குத்தகைக்காவது?

சுரேஷ்: கடற்கரைப் பக்கம் நிறைய இடம் சுல்தான் நிலம், யோக்யகார்த்தா அரண்மனைக்குச் சொந்தம். அதில் கடை போட வேண்டுமென்றால் அரண்மனையிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். பல வருடமாகக் கடை வைத்திருக்கிறவர்களுக்கே நிலத்தில் உரிமை கிடையாது.

மாமா: அப்போ அந்த ஊரில் எதுவுமே தேறாதா மாப்பிள்ளை?

சுரேஷ்: லாபக் கணக்கில் பார்த்தால் தேறாது மாமா. பெய்கிற மழை அத்தனையும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி அடியில் ஆறாக ஓடுகிறது, மேலே கிணறு வெட்டினால் தண்ணீர் வராது. ஒரு போகம் மானாவாரி நெல், மற்றபடி மரவள்ளி, நிலக்கடலை, சோளம், அவ்வளவுதான். மே, ஜூனிலிருந்து அக்டோபர் வரை வீட்டுத் தொட்டிதான், அது காலியானால் 5,000 லிட்டர் லாரி. தூரத்தைப் பொறுத்து ஒன்றரை லட்சம் ரூபியா வரை கேட்கிறான், நம் காசில் எண்ணூறு ரூபாய். 2024-ல் இந்த மாவட்டத்துக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளமே சுமார் 22 லட்சம் ரூபியா. அதனால்தான் வயசுப் பிள்ளைகள் எல்லாம் ஜகார்த்தாவில் மீ பாக்ஸோ என்கிற இறைச்சி உருண்டை நூடுல்ஸ் விற்கவும் கட்டட வேலைக்கும் போய்விடுகிறார்கள், நோன்புப் பெருநாளுக்கு மட்டும் திரும்புகிறார்கள். டைல்ஸ் போட்ட புது வீடுகள் பூட்டிக் கிடக்கும், பக்கத்து வீட்டுக் கிழவி விளக்குப் போட்டு அணைப்பாள்.

கவிதா அக்கா: கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. அப்புறம் ஏன்டா அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கலாம் என்கிறாய்?

சுரேஷ்: சரியாகக் கேட்டாய். எனக்கு வேலை லேப்டாப்பில், ஊரில் சிக்னல் பரவாயில்லை. அங்கே பணம் பேங்கில் இருக்காது அக்கா, தொழுவத்தில் மாடாகவும் கொல்லையில் தேக்காகவும் இருக்கும். மகளுக்குக் கல்யாணம் என்றால் மாடு போகும், வீடு கட்ட என்றால் மரம் போகும். ராத்திரி முறைக் காவல் உண்டு, காவலுக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு வாசலில் தொங்கும் டப்பாவில் போட்டிருக்கும் கைப்பிடி அரிசியோ சில்லறையோ எடுத்துக்கொண்டு போவார்கள், அது ஊர்ப் பொதுப் பணம். போன வாரம் என் முறை. தூங்கிவிட்டேன், மறுநாள் மாமனார் என்னோடு பேசவில்லை.

அம்மா: மானத்தை வாங்காதே.

சுரேஷ்: கல்யாண சீசனில் மொய்யும் உண்டு, நம் ஊர் மொய் தோற்றது. ஒரே மாதத்தில் பத்துப் பன்னிரண்டு பத்திரிகை வந்தால் மாமனார் நிலக்கடலை விற்ற காசு அங்கேயே காலி. எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிறார்கள், அச்சு அசல் நாம்தான்.

அப்பா: நிலம் வாங்க வேண்டாம். சம்பந்தி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிது?

சுரேஷ்: சின்னது அப்பா, ஆகஸ்டிலேயே தீர்ந்துவிடுகிறது. கூரைத் தண்ணீர் பாதி வீணாகத்தான் போகிறது.

அப்பா: இன்னொன்று கட்டு. அடியில் ஜல்லி நன்றாகப் போடச் சொல். சிமெண்டுக் கம்பிக் கணக்கை எனக்குத் தனியாக அனுப்பு, நான் தருகிறேன். மாமாவும் தருவார்.

மாமா: நான் எப்போது சொன்னேன்?

அப்பா: பணம் சும்மாதான் கிடக்கிறது என்றீர்களே.

மாமா: 🙏🙏 சரி சரி. கூலி எவ்வளவு ஆகும்?

சுரேஷ்: கொத்தனார் ஒருத்தருக்குத்தான் கூலி. மற்ற வேலைக்கு ஊரே வரும், சம்பாதான் என்று பெயர், காசு கிடையாது. ஆனால் இரண்டு வேளைச் சாப்பாடு நாம் போட வேண்டும், டீயும் சிகரெட்டும் குறையக் கூடாது. மழை ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

அம்மா: எத்தனை பேர் வருவார்கள்? என்ன சமைப்பாள் அவள்?

சுரேஷ்: இருபது பேர் இருக்கும். சிவப்பரிசிச் சோறும் பச்சைமிளகாய்க் குழம்பும்.

அம்மா: பச்சைமிளகாயில் குழம்பா? வயிறு என்னத்துக்கு ஆகும்?

சுரேஷ்: தேங்காய்ப்பால் ஊற்றி, டெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி, துண்டு போட்டு வைப்பார்கள் அம்மா. ரத்னாவை வாய்ஸ் போடச் சொல்கிறேன், அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.